பாப் பரிசோதனையில் ‘ஏ.எஸ்.சி.-யு.எஸ்.’ என்று வந்தால் அடுத்து எதைச் செய்வது?

வாசகர் கேள்வி: எனக்கு 41 வயது. ஈரோடு மாவட்டத்தில் வசிக்கிறேன். இரண்டு குழந்தைகள். உடம்பில் தொந்தரவு எதுவும் இல்லை. தோழி வற்புறுத்தியதால் தனியார் பரிசோதனைக் கூடம் ஒன்றில் திரவ முறை பாப் பரிசோதனை செய்துகொண்டேன். அறிக்கையில் ‘ஏ.எஸ்.சி.-யு.எஸ்.’ என்று வந்திருக்கிறது. புற்றுநோய் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்கிறார்கள். எச்.பி.வி. டி.என்.ஏ., எச்.பி.வி. எம்.ஆர்.என்.ஏ., டூயல் ஸ்டெயின் என்று மூன்று பரிசோதனைகளைச் சொல்லி, எது வேண்டும் என்று என்னையே கேட்கிறார்கள். எங்கள் மருத்துவரோ ஆறு மாதம் கழித்துப் பாப் பரிசோதனையைத் திரும்பச் செய்தால் போதும் என்கிறார். போன வருடம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் கவலையே இல்லை என்கிறார் என் நாத்தனார். எச்.பி.வி. இருப்பதாக வந்துவிட்டால் வீட்டில் என்ன நினைப்பார்களோ என்றும் பயமாக இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை. அந்தப் பேச்சுக்கே இப்போது இடமில்லை. உங்களுக்கு இன்று தேவைப்படுவது, பெரிய மருத்துவ ஆய்வுகளில் தேறிய ஒரு எச்.பி.வி. (ஹ்யூமன் பாப்பிலோமா வைரஸ்) பரிசோதனை மட்டுமே. அது டி.என்.ஏ. வகையா, எம்.ஆர்.என்.ஏ. வகையா என்பது இரண்டாவது கேள்வி. செல்களில் இரண்டு சாயங்களை ஏற்றிப் பார்க்கும் டூயல் ஸ்டெயின் நல்ல பரிசோதனைதான் என்றாலும், உங்கள் நிலையில் அது அடுத்த படியில் வர வேண்டியது. மூன்றின் பெயரையும் சொல்லி முடிவை உங்கள் தலையில் வைத்திருப்பது நியாயமில்லை என்பதால், காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் நுண்ணோக்கியில் இத்தகைய செல்களைப் பார்த்து அறிக்கை எழுதும் நோய்க்குறியியல் மருத்துவர். கருப்பைவாயிலிருந்து எடுத்த செல்களைச் சாயமேற்றிப் பார்க்கும்போது, முதிர்ந்த செல்கள் அகலமாக, இளஞ்சிவப்பாகவோ நீலப்பச்சையாகவோ, நடுவில் சிறிய உட்கருவுடன் தெரியும். அவற்றிடையே சில செல்களின் உட்கரு, இயல்பான இடைநிலைச் செல்லின் உட்கருவைவிட இரண்டரை முதல் மூன்று மடங்கு பரப்புக்கு விரிந்து, லேசாகக் கருத்து, விளிம்பு சற்றே ஒழுங்கு தவறி இருக்கும். எச்.பி.வி. தொற்றின் தொடக்கத்திலும் அப்படி இருக்கும். பூஞ்சைத் தொற்றால் ஏற்பட்ட அழற்சியிலும் கிட்டத்தட்ட அப்படி இருக்கும். மாதவிடாய் நின்ற பெண்களிடம் ஈஸ்ட்ரோஜன் குறைந்து படலம் மெலியும்போதும், கண்ணாடித் தகட்டில் தடவிய செல்கள் ஆல்கஹாலில் இடுவதற்கு முன்பே காற்றில் உலர்ந்துவிட்டாலும் அப்படித் தோற்றம் தரும். கண்ணால் பார்த்து இவற்றைப் பிரிக்க முடியாத இடத்தில்தான் ஏ.எஸ்.சி.-யு.எஸ். என்று எழுதுகிறோம். அறிக்கை எழுதியவர் தயங்கினார் என்பதைக் குறையாக எண்ண வேண்டாம். அந்தத் தயக்கத்தை அவர் மறைக்காமல் எழுதியதே உங்களுக்கு நல்லது.

அறிக்கையை இன்னொரு முறை எடுத்து, அந்த எழுத்துகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பாப் அறிக்கைகளை எழுதுவதற்கான, 2001-ஆம் ஆண்டு திருத்தப்பட்ட பெதஸ்டா முறைப்படி, இதே பெயரில் தொடங்கும் இன்னொரு வகை உண்டு: ஏ.எஸ்.சி.-எச். அதில் கடுமையான மாற்றத்தை ஒதுக்கிவிட முடியாது என்று பொருள். அப்படி வந்தால் வேறு எந்த ஆய்வகப் பரிசோதனைக்கும் காத்திராமல் நேராகக் கோல்போஸ்கோப்பிக்கு, அதாவது கருப்பைவாயை உருப்பெருக்கிக் கருவியால் பார்க்கும் பரிசோதனைக்கு, போக வேண்டும். சுரப்பிச் செல்களில் மாற்றம் என்று எழுதியிருந்தாலும் அப்படியே. நான் இங்கே சொல்வதெல்லாம் ஏ.எஸ்.சி.-யு.எஸ். என்ற முடிவுக்கு, அதுவும் உங்கள் வயதுப் பெண்ணுக்கு மட்டுமே பொருந்தும். 25 வயதுக்குக் குறைந்த பெண்களிடம் இந்தத் தொற்று மிகப் பரவலாக வந்து தானாகவே போய்விடுவதால், அவர்களுக்கான ஆலோசனை வேறு.

எச்.பி.வி.யை ஏன் தேட வேண்டும்? கருப்பைவாய்ப் புற்றுநோயில் ஏறக்குறைய எல்லாமே இந்த வைரஸின் ஆபத்து மிகுந்த வகைகள் நீண்ட காலம் தங்கிவிடுவதால் வருபவை. 16, 18 என்ற இரு வகைகள் மட்டுமே சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். இந்தத் தொடர்பைக் கண்டறிந்த ஹரால்டு சுர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. எனவே, ஐயத்துக்குரிய செல்கள் இருக்கும் ஒரு பெண்ணிடம் ஆபத்தான வைரஸ் இல்லை என்று நம்பகமாகச் சொல்ல முடிந்தால், அந்தச் செல்கள் பெரும்பாலும் அழற்சியாலோ வேறு சாதாரணக் காரணத்தாலோ மாறியவை என்று நிம்மதியடையலாம். தொற்று இருந்தாலும் பெரும்பாலானவர்களிடம் ஓரிரு ஆண்டுகளில் உடலின் எதிர்ப்பாற்றலே அதை அடக்கிவிடும். தங்கிவிடும் சிலரைக் கண்டுபிடிப்பதற்குத்தான் இத்தனை ஏற்பாடும்.

நீங்கள் நிற்கும் இதே இடத்தில் நின்ற ஏறக்குறைய 3,500 பெண்களை வைத்து, அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1990-களின் பிற்பகுதியில் ‘ஆல்ட்ஸ்’ என்ற பெரிய ஆய்வை நடத்தியது. ஒரு பிரிவினரை உடனே கோல்போஸ்கோப்பிக்கு அனுப்பினார்கள்; இன்னொரு பிரிவினரை எச்.பி.வி. முடிவைப் பார்த்து அனுப்பினார்கள். மூன்றாம் பிரிவினருக்குப் பாப் பரிசோதனையைத் திரும்பச் செய்தார்கள். 2001-இல் வெளிவந்த முடிவுகளில், ஹைப்ரிட் கேப்ச்சர் 2 என்ற டி.என்.ஏ. பரிசோதனை, புற்றுநோய்க்கு முந்தைய கடும் மாற்றம், அதாவது சி.ஐ.என். 3 அல்லது அதற்கு மேற்பட்டது இருந்த பெண்களில் 96 சதவீதத்தினரைப் பிடித்துவிட்டது. அதற்காகக் கோல்போஸ்கோப்பிக்கு அனுப்ப வேண்டியிருந்தவர்கள் 56 சதவீதம். பாப் பரிசோதனையை ஒரு முறை திரும்பச் செய்து, எந்தச் சிறு மாற்றம் இருந்தாலும் அனுப்புவது என்று வைத்துக்கொண்டபோது 59 சதவீதத்தினரை அனுப்ப நேர்ந்தும் பிடிபட்டவர்கள் 85 சதவீதம்தான். கடும் மாற்றம் தெரிந்தால் மட்டும் அனுப்புவது என்று வைத்தபோது அலைச்சல் 7 சதவீதத்தினருக்கே என்று குறைந்தது. ஆனால் நோய் இருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கை நழுவிப் போனார்கள்.

உங்கள் மருத்துவர் சொன்ன வழியை நான் தவறென்று சொல்லமாட்டேன். எச்.பி.வி. பரிசோதனை கிடைக்காத ஊரில் பாப் பரிசோதனையைத் திரும்பச் செய்வதே ஏற்கப்பட்ட வழி. இன்றைய அமெரிக்க வழிகாட்டுதல் அதற்கு ஓராண்டு இடைவெளி விடச் சொல்கிறது. ஆனால் அந்த வழி இரண்டு நிபந்தனைகளைச் சார்ந்தது. திரும்ப எடுக்கும் மாதிரி நன்றாக அமைந்து, அதைப் பார்ப்பவர் தேர்ந்தவராக இருக்க வேண்டும் என்பது ஒன்று. நீங்கள் மறக்காமல் திரும்பி வர வேண்டும் என்பது மற்றொன்று. குழந்தைகளின் தேர்வு, ஊர்த் திருவிழா, மாமியாரின் உடல்நிலை என்று ஒவ்வொன்றாக வந்து நம் பெண்களின் தேதி தள்ளிப்போவதை நான் நிறையவே பார்க்கிறேன். உங்கள் ஊரில் எச்.பி.வி. பரிசோதனை கிடைக்கிறது, அதைச் செய்துவிட்டால் ஆறு மாதக் கவலையைச் சில நாட்களில் முடித்துக்கொள்ளலாம்.

இனி, டி.என்.ஏ.யா, எம்.ஆர்.என்.ஏ.யா என்ற கேள்வி. டி.என்.ஏ. பரிசோதனை, வைரஸின் மரபுப்பொருள் மாதிரியில் இருக்கிறதா என்று பார்க்கிறது. எம்.ஆர்.என்.ஏ. பரிசோதனை, அந்த வைரஸ் இ6, இ7 என்ற தன் இரு மரபணுக்களை இயக்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கிறது. செல்லின் கட்டுப்பாட்டைக் குலைக்கும் புரதங்கள் இந்த இரண்டிலிருந்தே உருவாகின்றன: இ6 புரதம் பி53 என்ற காவல் புரதத்தை அழிக்கிறது, இ7 புரதம் ஆர்.பி. என்ற புரதத்தை முடக்குகிறது. வீட்டில் ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பதற்கும், அடுப்பில் உலை ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. இரண்டையும் ஒரே பெண்களிடம் செய்து நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகளில், நோயைப் பிடிக்கும் திறனில் ஆப்டிமா என்ற எம்.ஆர்.என்.ஏ. பரிசோதனை ஹைப்ரிட் கேப்ச்சர் 2-க்கு ஏறக்குறைய இணையாகவே நின்றது. நோயில்லாதவர்களை வீணாகக் கோல்போஸ்கோப்பிக்கு அனுப்புவது எம்.ஆர்.என்.ஏ.யில் சற்றுக் குறைவாக இருந்தது. இது உண்மையான நன்மைதான், ஆனால் மிகப் பெரிய நன்மை இல்லை. இரண்டும் ஒரே விலையில் கிடைத்தால் எம்.ஆர்.என்.ஏ.யைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். விலை வெகுவாகக் கூடுதல் என்றாலோ, அதற்காக மாதிரி வெளியூருக்குப் போய் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றாலோ டி.என்.ஏ. பரிசோதனையே போதும்.

டி.என்.ஏ. பரிசோதனைகளுக்குள்ளும் வேறுபாடு உண்டு. ஹைப்ரிட் கேப்ச்சர் 2 ஆபத்து மிகுந்த 13 வகைகளில் ஏதாவது ஒன்று இருக்கிறதா என்று மொத்தமாகச் சொல்லும். எந்த வகை என்று பிரித்துச் சொல்லாது. ஆபத்தில்லாத சில வகைகளைப் பார்த்தும் சில வேளைகளில் ‘இருக்கிறது’ என்றுவிடும். கோபாஸ் போன்ற பி.சி.ஆர். பரிசோதனைகள் 14 வகைகளைத் தேடி, 16-ஐயும் 18-ஐயும் தனியாகவும் மற்ற 12-ஐ ஒன்றாகவும் காட்டுகின்றன. 16 இருந்தால் ஆபத்து மற்றவற்றைவிடத் தெளிவாகவே கூடுதல் என்பதால் அந்தத் தகவல் பயனுள்ளது. மேலும், கோபாஸ் மாதிரியில் மனிதச் செல்களின் பீட்டா குளோபின் மரபணு இருக்கிறதா என்றும் கூடவே பார்க்கிறது. செல்களே சரியாக வராத மாதிரியில் வைரஸ் எப்படித் தெரியும்? அத்தகைய மாதிரிக்குத் தவறாக ‘இல்லை’ என்று எழுதிவிடாமல் தடுக்கும் காப்பு அது. ஹைப்ரிட் கேப்ச்சர் 2-இல் அந்தக் காப்பு கிடையாது.

ஒன்றில் மட்டும் நீங்கள் கண்டிப்பாக இருக்க வேண்டும். இருபதுக்கும் மேற்பட்ட எச்.பி.வி. வகைகளைப் பட்டியலிட்டுத் தரும் பெரிய தொகுப்புகளைச் சில ஆய்வகங்கள் உயர்ந்த பரிசோதனை என்று சொல்லி விற்கின்றன. 6, 11 போன்ற வகைகள் மருக்களை உண்டாக்குபவை. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தேடும் இடத்தில் அவற்றுக்கு வேலையே இல்லை. அதிக வகைகளைப் பார்ப்பதாலோ, கடைசித் துளி வைரஸையும் கண்டுபிடிப்பதாலோ ஒரு பரிசோதனை சிறந்ததாகிவிடாது. நாளடைவில் தானாகவே மறையப்போகும் சொற்ப வைரஸைப் பிடித்துக் காட்டினால் பயம்தான் மிஞ்சும். நல்ல பரிசோதனைகளில் ‘இருக்கிறது’ என்று சொல்வதற்கான அளவுக்கோட்டை, வெறும் தொற்றை வைத்தல்லாமல், நோய் இருந்த பெண்களையும் இல்லாத பெண்களையும் ஒப்பிட்டு வகுத்திருக்கிறார்கள். அதற்கு மாறாக, இரண்டு அல்லது நான்கு வகைகளை மட்டும் பார்க்கும் பரிசோதனையில் ‘இல்லை’ என்று வந்தால் அதை நம்பி நிம்மதியடையவும் முடியாது. ஆய்வகத்தைக் கேளுங்கள்: “இதில் எத்தனை ஆபத்து வகைகள் பார்க்கிறீர்கள், பரிசோதனையின் பெயர் என்ன?” ஆபத்து மிகுந்த 13 அல்லது 14 வகைகள், அத்துடன் பெயர் சொல்லக்கூடிய, ஆய்வுகளில் தேறிய ஒரு பரிசோதனை என்று பதில் வர வேண்டும்.

டூயல் ஸ்டெயினைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது; என் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனைகளில் அதுவும் ஒன்று. நலமான செல்லில் பி16 என்ற புரதம் மிகுந்தால் அந்தச் செல் பிரிவதை நிறுத்திக்கொள்ளும். கி-67 என்ற புரதம் இருந்தால் அந்தச் செல் பிரிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். எனவே ஒரே செல்லில் இரண்டும் சேர்ந்து இருக்கக் கூடாது. வைரஸின் இ7 புரதம் கட்டுப்பாட்டைக் குலைத்துவிட்ட செல்லில் மட்டும், செல்லின் உடல் பழுப்பாகவும் உட்கரு சிவப்பாகவும் இரண்டு சாயங்களும் சேர்ந்து தெரியும். அப்படி ஒரே ஒரு செல் இருந்தாலும், அதன் வடிவம் எப்படியிருந்தாலும், முடிவு ‘பாசிட்டிவ்’தான். தொற்று வெறுமனே தங்கியிருக்கிறதா, செல்லை மாற்றத் தொடங்கிவிட்டதா என்பதற்கு இவ்வளவு நெருங்கிய பதிலை எச்.பி.வி. பரிசோதனை தருவதில்லை. இருந்தும் நான் ஏன் இதை முதலில் செய்யச் சொல்லவில்லை? எச்.பி.வி. பரிசோதனையில் ‘இல்லை’ என்று வந்தால் அந்த நிம்மதி பல ஆண்டுகளுக்குச் செல்லும்; இன்று உங்களுக்கு வேண்டியது அத்தகைய உறுதி. டூயல் ஸ்டெயின் மனிதக் கண் பார்த்துச் சொல்வது, அதில் பயிற்சி பெற்றவர் வேண்டும், விலையும் கூடுதல். எச்.பி.வி. இருக்கிறது என்று தெரிந்த பெண்களில் யாரை உடனே கோல்போஸ்கோப்பிக்கு அனுப்புவது, யாரைக் காத்திருக்கச் சொல்லலாம் என்று பிரிப்பதில்தான் அதன் முழுப் பயனும் வெளிப்படுகிறது. அமெரிக்க மருந்து ஒழுங்காற்று அமைப்பு 2020-இல் அதற்கு ஒப்புதல் அளித்ததும் அந்த இடத்துக்குத்தான்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்த பரிசோதனையைக் குறைவாக எண்ணிவிடாதீர்கள். திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ஆம் ஆண்டு முதல் நடத்தப்பட்ட ஆய்வில், அந்த எளிய பரிசோதனை கருப்பைவாய்ப் புற்றுநோயால் வரும் இறப்பை 35 சதவீதம் குறைத்தது என்பது 2007-இல் உலகுக்குத் தெரிய வந்தது. நம் மண்ணில் நம் பெண்கள் பங்கேற்று நிறுவிய உண்மை அது. ஆனால் போன வருடம் ‘ஒன்றுமில்லை’ என்று வந்தது, இந்த வருடம் எழுந்திருக்கும் ஐயத்துக்குப் பதிலாகிவிடாது. அசிட்டிக் அமிலப் பரிசோதனையில் விடுபட்டுப் போகும் மாற்றங்கள் எச்.பி.வி. பரிசோதனையில் விடுபடுவதைவிட அதிகம்.

முடிவு எப்படி வந்தால் என்ன செய்வது என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். எச்.பி.வி. இல்லை என்று வந்தால், அடுத்த ஐந்து ஆண்டுகளில் உங்களுக்குக் கடும் மாற்றம் வரும் வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் குறைவு. மூன்று ஆண்டுகள் கழித்து மீண்டும் பரிசோதித்தால் போதும். இருக்கிறது என்று வந்தால், மூன்று மாதங்களுக்குள் கோல்போஸ்கோப்பி செய்துகொள்ளுங்கள். அப்போதும்கூட உடனடியாகக் கடும் மாற்றம் கண்டுபிடிக்கப்படும் வாய்ப்பு, பெரிய தரவுகளின்படி நூற்றுக்கு நான்கு அல்லது ஐந்து பேருக்குத்தான். கோல்போஸ்கோப்பி என்பது கருப்பைவாயை உருப்பெருக்கிக் கருவியால், அசிட்டிக் அமிலமும் அயோடினும் தடவிப் பார்த்து, தேவைப்பட்ட இடத்தில் மிகச் சிறிய சதைத் துணுக்கை எடுப்பது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மகப்பேறு மற்றும் மகளிர் நோயியல் பிரிவில் கேட்டுப் பாருங்கள். அந்தத் துணுக்கின் பயாப்சிதான் நோயை உறுதிசெய்யும். பாப், எச்.பி.வி., டூயல் ஸ்டெயின் ஆகிய மூன்றுமே யாரைக் கோல்போஸ்கோப்பிக்கு அனுப்புவது என்று வடிகட்டிக் கொடுப்பவை; அவற்றை மட்டும் வைத்து யாருக்கும் சிகிச்சை செய்யக் கூடாது. கடும் மாற்றம் உறுதியானாலும், பெரும்பாலும் கருப்பைவாயின் அந்தப் பகுதியை மட்டும் நீக்கினாலே போதும். கர்ப்பப்பை அப்படியே இருக்கும். உங்கள் நாத்தனார் அக்கறையில்தான் சொல்கிறார். ஆயினும் பயாப்சி முடிவு ஒன்றும் இல்லாமல் கர்ப்பப்பையை எடுப்பதற்கு எவர் முன்வந்தாலும், தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். நம் ஊர்களில் தேவையில்லாமல் எடுக்கப்பட்ட கர்ப்பப்பைகளை ஆய்வகத்தில் வெட்டிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வேதனைதான் மிஞ்சுகிறது.

வீட்டில் என்ன நினைப்பார்களோ என்ற உங்கள் பயத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. எச்.பி.வி. மிகச் சாதாரணமான தொற்று. மணவாழ்வில் இருக்கும் பெரும்பாலான ஆண்களுக்கும் பெண்களுக்கும் வாழ்நாளில் ஏதோ ஒரு சமயம் வந்து போகிறது. பல ஆண்டுகள் வெளியே தெரியாமல் அடங்கிக் கிடந்து, பிறகு பரிசோதனையில் தென்படவும் கூடும். எனவே இன்று தெரியும் தொற்று எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த ஆய்வகத்தாலும் சொல்ல முடியாது. உங்கள் ஒழுக்கத்தைப் பற்றியோ உங்கள் கணவரின் ஒழுக்கத்தைப் பற்றியோ அந்த அறிக்கை எதையும் நிரூபிக்காது. தேவையென்றால் கணவரையும் அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் போய், அவர் வாயாலேயே இதைச் சொல்லக் கேளுங்கள்.

இந்த வாரமே ஆய்வகத்துக்குத் தொலைபேசியில் பேசுங்கள். திரவ முறையில் எடுத்த மாதிரியின் மிச்சத்தைச் சிறிய குப்பியில் சில வாரங்கள் வைத்திருப்பார்கள். நீங்கள் மறுபடியும் மேசையில் படுக்காமலே அந்தக் குப்பியிலிருந்தே எச்.பி.வி. பரிசோதனையைச் செய்துவிடலாம். அந்தத் திரவத்துக்குப் பொருத்தமான பரிசோதனைதானா என்று மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். எல்லாத் திரவமும் எல்லாக் கருவிக்கும் ஒத்துவராது. குப்பியை எறிந்துவிட்டார்கள் என்றால், மாதவிடாய் இல்லாத நாளாகப் பார்த்து, முந்தைய இரண்டு நாட்கள் பிறப்புறுப்பில் வைக்கும் மாத்திரை, களிம்பு எதையும் பயன்படுத்தாமல் போய் புதிய மாதிரி கொடுங்கள். இதற்கிடையே உறவுக்குப் பின் இரத்தக் கசிவோ, மாதவிடாய்க்கு இடையில் இரத்தமோ, துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதலோ தென்பட்டால், எச்.பி.வி. முடிவு ‘இல்லை’ என்று கையில் இருந்தாலும்கூட அதைப் பொருட்படுத்தாமல் உடனே மகளிர் நோயியல் மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள்; மிக அரிதாக எச்.பி.வி. பரிசோதனைக்குச் சிக்காத புற்றுநோய்களும் இருக்கின்றன. கோல்போஸ்கோப்பிக்குப் போக நேர்ந்தால், பாப் அறிக்கையுடன் அந்தக் கண்ணாடித் தகட்டையும் ஆய்வகத்தில் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். அங்குள்ள நோய்க்குறியியல் மருத்துவர் அதை இன்னொரு முறை பார்த்து, பயாப்சியுடன் ஒப்பிட்டுச் சொல்வார்.